காந்தாரத் தந்தி

2014 செப்டம்பர் 19ம் தேதி மாண்டலின் ஸ்ரீநிவாஸ் தமது 45வது வயதில் சென்னையில் காலமானபோது வந்த அஞ்சலிகளில் என் கண்ணில் பட்டவற்றையெல்லாம் படித்தேன். பாலமேதை, தெய்வ சங்கல்பம், பூர்வஜன்ம வாசனை, குழந்தைச் சிரிப்பு எல்லாம் இருந்தன. அவர் வாத்யத்தில் எத்தனை தந்தி, ஏன் அத்தனை என்பது போகிற போக்கில் ஒரு வரியாக இருந்தது, அல்லது அதுவும் இல்லை. அன்று இது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. மேதை என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதுவும் சொல்லவேண்டியதில்லை என்ற சௌகரியம் கவிதை விமர்சனத்தில் நமக்கு நெடுநாள் பழகிப்போனதுதானே.

குறை என்று உறைத்தது வெகு காலத்துக்குப் பிறகு, ஒரு அற்பக் காரணத்தால். தியாகராய நகர் கிளையில் என்னோடு வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போகும்போது, தன் பெண் நான்கு நாள் தட்டிப் பார்த்துவிட்டு மூலையில் போட்ட ஒரு உகுலேலேயை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். முழங்கை நீளம், நான்கு நைலான் தந்தி, பன்னிரண்டு மெட்டு. மயிலாப்பூர் வீட்டில் கூடத்து ஆணியில் அதை மாட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "என்னடா இது, கொலுவுக்கு வாங்கின வீணையா?" என்றாள். அவள் கல்யாணத்துக்கு முன் பதினோரு வருஷம் வீணை வாசித்தவள். மந்தைவெளி வீட்டைக் காலி செய்தபோது அந்த வீணையை விற்றோம். அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

உகுலேலேயின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. 1879 ஆகஸ்ட் மாதம் ராவன்ஸ்க்ராக் என்ற கப்பல், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போர்த்துக்கீசியர்களை மதேரா தீவிலிருந்து ஹொனலூலுவில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களில் மூன்று பேர் தச்சர்கள் - மானுவெல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோஸே தோ எஸ்பிரித்தோ சாந்தோ. தங்கள் ஊர் மஷேத் என்ற சிறு வாத்யத்தை ஹவாயின் கோவா மரத்தில் செய்து விற்க ஆரம்பித்தார்கள். மன்னர் கலாகவா அதற்கு அரண்மனையில் இடம் கொடுத்தார். 1915ல் ஸான்ஃப்ரான்ஸிஸ்கோ பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க அதற்குப் பைத்தியம் பிடித்தது. கரும்பு நம்மவர்களையும் கப்பலேற்றியது: 1860லேயே சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்குப் போயாகிவிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது மரமோ மன்னரோ அல்ல. வடிவத்தை மஷேத்திலிருந்து எடுத்துக்கொண்ட அந்தத் தீவு, ஸ்ருதியை எடுத்துக்கொண்டது வேறொரு மதேரா வாத்யமான ஐந்து தந்தி ரஜாவோவிடமிருந்து என்பார்கள். அதன் கடைசித் தந்தியை விட்டுவிட்டு மற்ற நான்கு: ஜி, ஸி, ஈ, ஏ. இதில் ஜி தந்தி கட்டைவிரலுக்கு மிக அருகில் இருக்கும். அங்கே மிகத் தாழ்ந்த ஸ்வரத்தை எதிர்பார்க்கிற காதுக்கு அது உயர்ந்து ஒலித்து ஏமாற்றம் தரும். நான்கையும் மெட்டில் விரல் வைக்காமல் சேர்த்து மீட்டினால் ஏற்கனவே ஒரு இணைஸ்வரக் கூட்டம், அவர்கள் கார்ட் என்பது, தயாராக ஒலிக்கிறது. விரலே வைக்காத கை அங்கே சங்கீதம் பண்ணிவிடுகிறது.

ஸியை ஸட்ஜம் என்று கொண்டால் இந்த நான்கும் நமக்கு பஞ்சமம், ஸட்ஜம், அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். இங்கேதான் சிக்கல். நம் வீணையிலோ வயலினிலோ காந்தாரத்துக்குச் சேர்த்த தந்தி கிடையாது. ஸட்ஜமும் பஞ்சமமும் அசையா ஸ்வரங்கள், அவற்றைத் தந்திக்குக் கொடுக்கலாம். காந்தாரம் விரலுக்கு உரியது. தோடியில் அதற்கு ஒரு நடமாட்டம், சங்கராபரணத்தில் ஒரு நிலை. அதைத் தந்தியில் கட்டிப்போட்டால் அது ஒரு ராகத்துக்கும் ஆகாது.

கைப்பேசியில் ஸ்ருதி காட்டும் கருவியை வைத்துக்கொண்டு முதலில் அவர்கள் முறைப்படியே சேர்த்தேன். முள் நடுவில் நின்று பச்சை விளக்கு எரிந்தது. மாயாமாளவகௌளை சரளி வரிசை வாசித்தேன். அடுக்களையிலிருந்து அம்மா, "எல்லா ஸ்வரமும் இருக்கு, ராகத்தைத்தான் காணோம்" என்றாள். பிறகு ஈ தந்தியைப் பஞ்சமத்துக்கு ஏற்றப் பார்த்தேன். முக்கால்வாசி தூரம் போய் அறுந்தது, கையில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டு. உகுலேலே ஏறாது, இறங்கத்தான் செய்யும் என்று புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. ஆகவே ஸட்ஜத்தையே மாற்றினேன். ஜி, அதாவது ஐந்து கட்டை. முதல் தந்தியை ஏயிலிருந்து ஜிக்கு இறக்கினால் மேல் ஸட்ஜம். இரண்டாவதை ஈயிலிருந்து டிக்கு இறக்கினால் பஞ்சமம். காந்தாரம் ஒழிந்தது. மூன்றாவதைக் கழற்றிவிட்டு, தாழ்ந்த ஜிக்கென்றே விற்கிற தடித்த தந்தியைப் போட்டால் ஆதார ஸட்ஜம். கட்டைவிரலருகே ஏமாற்றம் தந்துகொண்டிருந்த நான்காம் தந்தியைத் தொடவே வேண்டாம். அது மேல் ஸட்ஜமாகி, வீணையில் தாளத் தந்திகள் செய்கிற வேலையைச் செய்யத் தயாராக நின்றது. வீணையில் சுண்டுவிரல் செய்வதை இங்கே கட்டைவிரல் செய்யவேண்டும், அவ்வளவுதான். ஸட்ஜத்துக்குக் கீழே இறங்க வழியில்லை என்ற ஊனம் இருக்கிறது. அதற்கென்ன செய்வது.

இதைச் செய்து முடித்த பிறகுதான் நம் சங்கீத சரித்திரத்தில் இதே காரியம் எத்தனை முறை நடந்திருக்கிறது என்று யோசிக்கலானேன்.

முதல் வெற்றி வயலின். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786-1858), மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார் என்பது வழங்கிவரும் செய்தி. தஞ்சை நால்வரில் வடிவேலுவும் அதை எடுத்துக்கொண்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் வயலின் எவ்வளவு சுலபமாக நம்முடையதாகிவிட்டது என்று ஒரு பெருமை தொனிக்கும். சுலபமாக ஆகவில்லை. தோளிலிருந்து இறக்கி, தரையில் உட்கார்ந்து, தலைப்பைக் கணுக்காலில் ஊன்ற வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். இங்கே ஸட்ஜம், பஞ்சமம், மறுபடி ஸட்ஜம், பஞ்சமம் என்று அடுக்கினார்கள். இரண்டு தந்தி தள்ளி அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏறி வரும், பாடகனின் குரல் மேலும் கீழும் போகிற பாதையில் விரல் தொலைந்துபோகாது. ஐரோப்பியனுக்கு இதனால் ஏற்படும் நஷ்டம் பெரிது. அவன் பல சுரஸ்தானங்களில் மாறி மாறி வாசிக்கிறவன். நாம் ஓர் ஆதார ஸட்ஜத்தை விட்டு நகராதவர்கள். அண்ணன் தீக்ஷிதர் இங்கிலீஷ் பாண்டு மெட்டுகளுக்கு ஸம்ஸ்க்ருத சாஹித்யம் எழுதினார், ஏறக்குறைய 40. நோட்டுஸ்வரங்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரே குடும்பத்தில் ஒருவர் மெட்டை வாங்கி வார்த்தையை மாற்றினார், இன்னொருவர் வாத்யத்தை வாங்கி ஸ்ருதியை மாற்றினார். நிலைத்தது இரண்டாவதுதான் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

தோற்றதும் ஒன்று உண்டு, ஹார்மோனியம். நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்தது. 1940ல் ஆல் இந்தியா ரேடியோ அதை விலக்கி வைத்தது. 1971ல்தான் அந்தக் கதவு ஓரளவு திறந்தது. அந்நிய வாத்யம் என்பதற்காக விலக்கியதாகச் சொல்கிறவர்கள், அந்நிய வயலின் அதே நிலையத்தில் தினமும் ஒலித்துக்கொண்டிருந்ததை மறந்துவிடுகிறார்கள். ஹார்மோனியத்தில் வாசிக்கிறவன் ஸ்ருதி சேர்க்க ஒன்றுமில்லை. ரீடு தொழிற்சாலையில் முடிவான ஸ்வரம். இரண்டு கட்டைகளுக்கு நடுவே வெட்டவெளி. அதில் கமகம் எங்கே நடக்கும்?

மெட்டு அடித்த வாத்யங்களின் நிலை இவை இரண்டுக்கும் நடுவே. ஒரு ஸ்தாயியை 1200 நுண்பங்காக வகுத்தால், தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் 386ல் நிற்கிறது. உகுலேலே மெட்டு அதை 400ல் வைக்கிறது. பஞ்சமம் 702, மெட்டில் 700, காது பொறுத்துக்கொள்ளும். பன்னிரண்டு சம பங்குகளின் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) ஸ்தாயியைச் சமமாகவே பிரிக்கவேண்டும், ஆனால் 24ஆக, என்று வாதாடினார். 22 ஸ்ருதிக் கட்சிக்காரர்களை எதிர்த்து 1916ல் பரோடா சங்கீத மாநாட்டில் பேசினார். அடுத்த வருஷம் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. அவர் கணக்கு ஜெயித்ததா என்பது இங்கே விஷயமல்ல. ஒரு தமிழ் வைத்தியர் தந்தி நீளத்தை அளந்துகொண்டு ஒரு மாநாட்டோடு மல்லுக்கு நின்றார் என்பதுதான். குரலுக்கு இளி எங்கே விழும் என்று யாழின் நரம்புகளைத் திரித்துத் திரித்து யோசித்த பாஷை இது. விபுலானந்தர் அந்த யாழை 1947ல் 'யாழ் நூல்' எழுதித் தேடிக்கொண்டிருந்தபோது கையில் வாத்யம் இல்லை, ஸ்ருதிக் கணக்கு மட்டும் இருந்தது.

மயிலாப்பூரில் வீணை ரிப்பேர் செய்கிறவர் ஒருவரிடம் உகுலேலேயைக் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மெட்டின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். "இதில மேளம் கட்ட எடமே இல்லையே சார்" என்றார். வீணையில் 24 மெட்டுகளும் கரி கலந்த மெழுகில் பதிந்து உட்கார்ந்திருப்பவை. மெழுகை இளக்கி, காதால் கேட்டு, ஒரு நூல் இப்படி ஒரு நூல் அப்படி நகர்த்தி வைக்கிற வேலைக்குத்தான் மேளம் கட்டுவது என்று பெயர். வருஷங்கள் போனால் மெழுகு தேயும், மறுபடி கட்டவேண்டும். தந்திக்கும் கட்டைக்கும் நடுவே உயரம் வேறு. அதனால் மெட்டின் மேலேயே தந்தியை இழுத்து மேல் ஸ்வரங்களை எட்டலாம். உகுலேலேயில் மெட்டு மரத்தில் அறைந்த உலோகம். இன்னொன்று, நைலான். எஃகுத் தந்தியை ஓர் அங்குலத்தில் கால் பங்கு இழுத்தால் ஸ்வரம் ஏறிவிடும். நைலான் ரப்பர்போல இழுபடுகிறது, ஸ்வரம் ஏற மறுக்கிறது. ஆகவே இழுத்து வருகிற கமகம் இதில் கிடையாது; மெட்டுவிட்டு மெட்டு நழுவுகிற ஜாரு மட்டும் உண்டு. அதற்குள் ஒலி செத்துப்போகும்.

இந்த இடத்தில் நின்றுகொண்டு மாண்டலினை யோசித்தால் ஸ்ரீநிவாஸ் செய்தது என்ன என்று புரிகிறது. மாண்டலினில் தந்திகள் ஜோடி ஜோடியாக, நான்கு ஜோடி. வயலின் ஸ்ருதிதான். மீட்டிய ஒலி உடனே அடங்கிவிடும் என்பதால் இத்தாலியன் ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று மீட்டிக்கொண்டே இருப்பான்; நம் சினிமாப் பாட்டுகளில் காதலி வரும்போது கேட்கிற நடுக்கம் அதுதான். ஜோடித் தந்தியைக் கமகத்துக்கு இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். நடுவே அபஸ்வரம் கரகரக்கும். ஹிந்தி சினிமா இசையமைப்பாளர் ஸஜ்ஜாத் ஹுஸைன் மாண்டலினில் ராகம் வாசித்தவர். ஆகவே எண்ணம் யாருக்கும் தோன்றாதது அல்ல. ஸ்ரீநிவாஸ் ஜோடியைக் கலைத்து ஒற்றைத் தந்தியாக்கினார். நான்கை ஐந்தாக்கினார். மின்சாரத்தைச் சேர்த்தார். மின்சாரம் சத்தத்துக்காக என்று நினைப்பது தவறு. ஒரு முறை மீட்டிய ஸ்வரம், விரல் அதை இழுத்து அசைத்து முடிக்கிற வரையில் உயிரோடிருக்கவேண்டும். மின்சாரம் அந்த ஆயுளைக் கொடுத்தது.

1969ல் கோதாவரிக் கரையோரம் பாலகொல்லில் பிறந்தவர். அப்பா சத்யநாராயணா மாண்டலின் வாசிக்கிறவர், வீட்டில் கிடந்ததைப் பையன் எடுத்தான். கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்யநாத பாகவதரின் சிஷ்யர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. பாடுவார், பையன் கேட்டு வாத்யத்தில் தேடி எடுப்பான். இந்த ஒரு விவரத்தைத்தான் அஞ்சலிகள் அதிசயமாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயின. எனக்கு இது அதிசயமாகத் தோன்றவில்லை, காரணமாகத் தோன்றுகிறது. மாண்டலின் தெரிந்த குரு ஒருவர் வாய்த்திருந்தால் இந்த ஸ்வரம் இந்த வாத்யத்தில் வராது என்று முதல் வாரமே சொல்லியிருப்பார், ஜோடித் தந்தி ஜோடியாகவே இருந்திருக்கும். தெரியாதவர் என்பதால் குரலுக்கு என்ன வருமோ அதையே கேட்டார். வாத்யம் மாறவேண்டியதாயிற்று. 1978ல் குடிவாடாவில் முதல் கச்சேரி, 1981ல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் ஸொஸைட்டியில். 1983ல் பெர்லின் ஜாஸ் விழா. 14 வயது.

கல்லூரி நாட்களில் அவரை ஒருமுறை மயிலாப்பூர் சபா ஒன்றில் கடைசி வரிசையிலிருந்து கேட்டிருக்கிறேன். நினைவிருப்பதெல்லாம் வேகம். கை தட்டியதும் வேகத்துக்காகத்தான். இப்போது ஒலிப்பதிவுகளைத் திரும்பக் கேட்கும்போது வேகம் எனக்கு அலுக்கிறது, அதில் கொஞ்சம் மெட்டடித்த வாத்யத்தின் சுலபமும் கலந்திருக்கிறது. விளம்பத்தில் ஒரு ரிஷபத்தை இழுத்து நிறுத்தும் இடங்களில்தான் அந்த ஒற்றைத் தந்தி தெரிகிறது.

வேறு வழியும் இருந்தது என்பதற்கு அடையாற்றைச் சொல்லவேண்டும். கலாக்ஷேத்ராவில் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போதித்த கோட்டுவாத்யத்தில் மெட்டே கிடையாது, தந்திமேல் ஒரு கட்டையை நழுவவிட்டு வாசிப்பது. உகுலேலே பிறந்த அதே ஹவாயில் கிடாரை மடியில் படுக்கவைத்து, இரும்பை நழுவவிட்டு இதே காரியத்தைச் செய்தார்கள். மெட்டோடு தகராறு செய்வதற்குப் பதிலாக மெட்டைத் தாண்டிப் போய்விடுவது. எனக்கு அதில் பிரியம் உண்டு, தைரியம் இல்லை.

இதையெல்லாம் இந்தப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ந. பிச்சமூர்த்தி 1934ல் 'மணிக்கொடி'யில் யாப்பை விட்டு எழுதியபோதும், 1959ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கி அந்த வகைக்கு இடம் கொடுத்தபோதும், விட்மனிடமிருந்து வந்த சரக்கு என்று ஒரு கட்சி, நம் மரபிலேயே இருந்தது என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது என்பதைத்தான் விசாரித்தன. வரி எங்கே முறிகிறது, தமிழ்ப் பேச்சின் மூச்சு அந்த முறிவில் நிற்கிறதா என்று எந்தத் தந்தியை இறக்கினார், எதைக் கழற்றி எறிந்தார் என்று பார்த்தவர்கள் சொற்பம். இன்றும் ஒரு தொகுப்புக்கு மதிப்புரை என்றால் கவியுள்ளம் என்கிறோம், தரிசனம் என்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்த மதிப்புரைகளை மறுபடி படிக்க எனக்குத் தைரியம் இல்லை.

கழற்றி எறிந்தது பற்றியும் நேர்மையாக இருக்கவேண்டும். என் உகுலேலேயில் இப்போது கார்ட் கிடையாது. எல்லாத் தந்தியையும் சேர்த்து மீட்டினால் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும், ஒரு தம்புராவின் ஏழைப் பங்காளிபோல. அந்தச் சின்ன வாத்யத்துக்கு இருந்த ஓர் ஒளி, வாசிக்கத் தெரியாத குழந்தையின் கையிலும் சந்தோஷமாக ஒலிக்கும் தன்மை, போய்விட்டது. காந்தாரத் தந்தியை இறக்கியபோது போனது அது. வயலினுக்கும் மாண்டலினுக்கும் இப்படி ஏதோ போயிருக்கும். நாம் வரவு மட்டும் எழுதி வைத்திருக்கிறோம். பாங்கில் அப்படி ஒரு கணக்கை யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

பாடம் இப்போது இப்படி நடக்கிறது. அம்மா உகுலேலேயைத் தொடுவதில்லை. ஐந்து கட்டை அவள் குரலுக்குச் சரியாக வருகிறது. மோகனத்தில் ஒரு பிடியைப் பாடுவாள், நான் தேடுவேன். வராதபோது, "அங்கே இல்லை, கொஞ்சம் கீழேயிருந்து எடு" என்பாள். கீழே மெட்டு இல்லை என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக 'வரவீணா' கீதம் முழுசாக வந்தது, நழுவி நழுவி. அவள் ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வலது சுண்டுவிரல் மட்டும் புடவைமேல் மேல்நோக்கிச் சுண்டிக்கொண்டிருந்தது. முடித்ததும், "தாளத் தந்தி இறங்கியிருக்குடா, ஏத்து" என்றாள்.